சாமான் கிடைக்கும் வண்டி

உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் டிராக்டர் பெரும்பாலும் வாடகை வண்டி. சொந்த நிலத்தை உழுவதற்காக மட்டும் ஒரு வண்டி வாங்கினால் கட்டுப்படியாகும் அளவுக்கு நிலம் உள்ளவர்கள் இங்கே குறைவு. ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ வைத்திருப்பவர் நிலத்தை அடமானம் வைத்து வண்டி எடுப்பார். தன் நிலத்தை உழுத கையோடு ஊரார் நிலத்துக்கும் ஓட்டி, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக் கடனை அடைப்பார். மழை ஈரம் காய்வதற்குள் மல்லாட்டை எனும் நிலக்கடலையும் உளுந்தும் விதைக்க வேண்டிய மானாவாரிக் கொல்லை, ஏரியில் தண்ணீர் நிற்கும்போதே சேறடித்து நட வேண்டிய நஞ்சை, ஆலை வெட்டு உத்தரவு கொடுத்ததும் ஏற்றியாக வேண்டிய கரும்பு என்று வேலை முழுவதும் நாள் குறித்து வருவது. அந்த நாளில் வண்டி ஓட வேண்டும். டிராக்டரின் ஆயுளைப் பொதுவாக ஆண்டுக்கு 1000 மணி நேரம், மொத்தம் 10 ஆண்டு என்று கணக்கிடுவார்கள். சொந்த உழவுக்கு மட்டும் ஓடும் வண்டி அந்த ஆயிரத்தைத் தொடுவதே அரிது. வாடகைக்காரர் அதைத் தாண்டினால்தான் தவணை கட்ட முடியும். இதனால் வண்டியின் தரத்தைப் பற்றிய பேச்சு இங்கே ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: சாமான் கிடைக்குமா? இப்பகுதியில் எந்த வண்டி நிலைத்தது, எது மறைந்தது என்பதற்கும் உதிரி பாகம் வந்த வழியில்தான் விடை இருக்கிறது.

1959-இல் ஃபரீதாபாதில் ஐஷர் நிறுவனம் தன் முதல் டிராக்டரை வெளியிடும் வரை இந்தியாவில் ஓடியவை எல்லாமே இறக்குமதி வண்டிகள். இரண்டாம் உலகப்போர் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச் சென்ற இயந்திரங்களை வைத்துத்தான் மத்திய டிராக்டர் அமைப்பு தன் வேலையைத் தொடங்கியது. 1949-இல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த இரண்டாவது கடனான 1 கோடி டாலர், மத்திய இந்தியாவில் புல் மண்டிக் கிடந்த நிலங்களைத் திருத்தும் கனரக டிராக்டர்களுக்காக வாங்கப்பட்டது. தெற்கே உழவர்களிடம் முதலில் வந்து சேர்ந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ் வண்டிகள். அவற்றில் பெயர் பெற்றது ஃபெர்குசன் டிஇ-20. 1946 முதல் 1956 வரை கவென்ட்ரி நகரில் செய்யப்பட்ட எடை குறைந்த சிறிய வண்டி அது. கலப்பையை மூன்று இடத்தில் மாட்டி எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை உலகெங்கும் பரப்பிய வண்டியும் அதுவே. உழவர் தானே செய்துகொள்ள வேண்டிய திருத்தங்களை எல்லாம் முடிக்கும்படி ஒரே ஒரு ஸ்பேனர் அதனுடன் வரும். அளவு பார்ப்பதற்காக அதன் கைப்பிடியில் அங்குலக் கோடுகளும் வெட்டியிருக்கும். வயல் பட்டறையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்துச் செய்த வண்டி என்பதற்கு அந்த ஸ்பேனரே போதும்.

1957-58-இல் அந்நியச் செலாவணி கரைந்ததும் வண்டி வரும் திசை மாறியது. பவுண்டும் டாலரும் கொடுத்து வாங்க முடியாத நிலையில், ரூபாயில் கணக்கு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தின் கீழ் சோவியத் ஒன்றியமும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளும் இயந்திரங்களை அனுப்பின. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜீட்டர், போலந்திலிருந்து உர்சஸ், ருமேனியாவிலிருந்து யுனிவர்சல், கிழக்கு ஜெர்மனியிலிருந்து ஆர்.எஸ்-09, சோவியத் நாட்டிலிருந்து பெலாரஸும் ஒற்றைச் சிலிண்டர் டி.டி-14-உம் வந்தன. இவற்றை விற்க 1965 முதல் மாநிலந்தோறும் வேளாண் தொழிற் கழகங்கள் அமைக்கப்பட்டன. தமிழ்நாட்டுக் கழகம் 1966-இல் வந்தது. குறுகிய கால நெல் ரகங்கள் பரவி, ஒரு போகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் உழவுக்கான நாட்கள் சுருங்கிய காலம் அது. வண்டிக்குத் தேவை ஏறியது; கையில் கிடைத்தவை இந்த மலிவு வண்டிகளே.

இவை மட்டமான வண்டிகள் என்று சொல்வது நியாயம் ஆகாது. எளிய எஞ்சின், கனத்த வார்ப்பிரும்பு, தாராளமான இழுவை என்று கரடுமுரடான வேலைக்காகவே செய்யப்பட்டவை அவை. ஜீட்டர் 1960-இல் தொடங்கிய வரிசையில் இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர் வண்டிகள் மூன்றுக்கும் பெரும்பாலான பாகங்கள் பொதுவானவை. இரண்டு சிலிண்டர் 2011 மாடலுக்கு வாங்கிய பிஸ்டன் மூன்று சிலிண்டர் 3011 மாடலுக்கும் பொருந்த வேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் நோக்கம். அக்காலத்தில் இவ்வளவு யோசித்துச் செய்த வண்டிகள் மிகச் சில.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வண்டியைக் கொண்டுவர ஓர் உரிமம் வேண்டும், அதன் பாகங்களைக் கொண்டுவர மற்றோர் உரிமம் வேண்டும். எது எவ்வளவு தேயும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட்டு டெல்லி வழியாகக் கேட்டுப் பெற வேண்டும். ஒரு தாலுகாவில் ஆறு நாட்டு வண்டிகள் ஒவ்வொன்றும் சில எண்ணிக்கையில் ஓடும்போது, அவற்றின் சாமானை வாங்கி அடுக்கிவைக்க எந்தக் கடைக்காரர் முதல் போடுவார்? 1966 ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது, ரூபிள் கணக்கும் அதே விகிதத்தில் ஏறியது. மலிவு என்று வாங்கிய வண்டிக்குப் பாகம் மலிவாக இல்லாமல் போனது.

வண்டிகள் பழுதானது இங்குள்ள வேலையின் தன்மையால். ஐரோப்பாவின் காய்ந்த வயலுக்குச் செய்த டிராக்டர் இங்கே கேஜ் வீல் மாட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கியது. அச்சு வரை சேறு ஏறும்போது ஆயில் சீல் தேய்ந்து தண்ணீர் உள்ளே போகும், எண்ணெய் பால்போல வெளுக்கும், பேரிங் போகும். கோடையில் செம்மண் கொல்லையை உழும்போது பின்னால் எழும் புழுதியை எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் கிளீனர்தான் தடுக்க வேண்டும். தினமும் கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றெண்ணெயைக் கொட்டிப் புது எண்ணெய் ஊற்றாத வண்டியில், லைனரும் பிஸ்டன் ரிங்கும் ஒரே பருவத்தில் தேய்ந்து புகை கிளம்பும். வாடகை வண்டியில் ஓட்டுநர்கள் மாறி மாறி ஏறுவதால் அந்தக் கிண்ணம் மறக்கப்படுவதும் அதிகம்.

அப்படிப் பழுதான வண்டியைத் தாங்கிப் பிடித்தவை சாலையோர லேத் பட்டறைகள். திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரியும் இடம் உளுந்தூர்பேட்டை. லாரிகளுக்காகவே இப்படிப்பட்ட சந்திகளில் பட்டறைகள் பெருகின. தேய்ந்த தண்டில் வெல்டு வைத்து மீண்டும் கடைவது, வெண்கலத்தில் புதிய புஷ் கடைந்து அடிப்பது, உடைந்த பின்னுக்குப் பழைய லாரி அச்சிலிருந்து பின் செய்வது எல்லாம் அரைநாள் வேலை. கிழக்கு ஐரோப்பிய வண்டிகள் அதற்கும் ஓர் இடைஞ்சல் வைத்தன. பட்டறையில் இருந்த ஸ்பேனரும் மரை வெட்டும் கருவியும் பிரிட்டிஷ் அங்குல அளவு. வந்து நின்ற வண்டியின் போல்ட்டுகளோ மில்லிமீட்டர் அளவு. இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறும் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டாலும் பட்டறைப் பெட்டிக்குள் அது வந்து சேர நாளாயிற்று. ஏறத்தாழப் பொருந்தும் அங்குல ஸ்பேனரைப் போட்டுத் திருகி, போல்ட் தலை மழுங்கி, பிறகு உளி வைத்து வெட்டி எடுத்த வண்டிகள் பல.

லேத்தால் முடியாத வேலைகளும் இருந்தன. டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் பம்பின் உள்ளே எலிமெண்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு சிறிய தண்டும் குழலும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். சேர்த்தே தேய்த்துச் செய்யப்படுவதால் ஒரு பம்பின் தண்டை இன்னொன்றின் குழலில் போட முடியாது. டீசலில் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ போனால் அதில் கீறல் விழும். அழுத்தம் போய் வண்டி கிளம்பாது. நாசில், பிஸ்டன் ரிங், கியர்ச் சக்கரம், பேரிங் ஆகியவையும் லேத்துக்கு அடங்காதவைதான். இறக்குமதி ஜீட்டரில் வந்தது மோட்டர்பால் பம்ப். அதன் எலிமெண்ட் தேய்ந்தால் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வர வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பாகத்துக்காக ஒரு பருவ வாடகை முழுவதும் போகும். நிலத்தை ஈடு வைத்து வாங்கிய கடனுக்கு வட்டியோ ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி நின்ற வண்டிகள் கடைசியில் மற்ற வண்டிகளுக்குச் சாமான் கிடங்காயின. மூன்று வண்டிகளில் ஒன்றைப் பிரித்து இரண்டை ஓட்டுவது வழக்கமானது.

இதே காலத்தில் சென்னையைச் சுற்றி வேறொன்று நடந்துகொண்டிருந்தது. செம்பியத்தில் 1949-இல் இந்தியா பிஸ்டன்ஸ், பாடியில் 1960-இல் வீல்ஸ் இந்தியா, 1961-இல் ஸ்டார்ட்டரும் டைனமோவும் செய்யும் லூகாஸ்-டிவிஎஸ் எனப் பாகத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. பெங்களூரில் 1951-இலேயே பாஷ் தொழில்நுட்பத்துடன் டீசல் பம்ப் செய்யும் மைக்கோ வந்துவிட்டது. 1960-இல் அமால்கமேஷன்ஸ் குழுமம் டாஃபேயைத் தொடங்கி, செம்பியத்தில் மாஸி ஃபெர்குசன் வண்டியைச் செய்ய ஆரம்பித்தது. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் அதே குழுமத்தின் சிம்ப்சன் செய்தது, பெர்க்கின்ஸ் வடிவம். செம்பியத்திலிருந்து உளுந்தூர்பேட்டை சுமார் 200 கிலோமீட்டர். மாலையில் சென்னையில் பேருந்தில் ஏற்றிய பார்சல் மறுநாள் விடியலில் சந்தியில் இறங்கிவிடும். மாஸி இந்தப் பக்கம் வேரூன்றியதற்கு அதன் இழுவையைவிட இந்த 200 கிலோமீட்டர்தான் பெரிய காரணம் என்று கருத இடம் இருக்கிறது. அந்த எஞ்சினைப் பழகிய மெக்கானிக்குகள் பெருகினார்கள், கடைகளில் அதன் கிட் அடுக்கப்பட்டது, கையில் காசு குறைந்தவருக்குப் போலிச் சாமான்கூடக் கிடைத்தது.

ஜீட்டரின் பிற்காலமும் இதையே காட்டுகிறது. 1971-இல் அரியானாவின் பிஞ்சோரில் எச்எம்டி நிறுவனம் அதே செக் வடிவத்தை இங்கேயே செய்யத் தொடங்கியது. இறக்குமதியாக வந்தபோது பாகத்துக்குத் தவித்த வண்டி, உள்நாட்டில் பாகம் செய்யத் தொடங்கியதும் நம்பகமான வண்டி என்று பெயர் எடுத்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் அதே குடும்பத்தவை. மாறியது சாமான் வரும் தூரம். எச்எம்டியின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016-இல் முடிவு செய்த பிறகும் வண்டிகள் நிற்கவில்லை. எண்ணிக்கை பெருகிய வண்டிக்குப் பாகம் செய்யும் சிறு தொழிற்சாலைகள் வட இந்தியாவில் முன்னரே உருவாகியிருந்தன. உள்நாட்டுத் தயாரிப்பு என்பது மட்டும் எல்லா வண்டியையும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சோவியத் உதவியுடன் 1975-இல் தொடங்கிய ஹர்ஷா, டாய்ட்ஸ் கூட்டில் வந்த கிர்லோஸ்கர் இரண்டும் நிலைக்கவில்லை. அவற்றை வாங்கியவர்கள் இறக்குமதி வண்டிக்காரர்களின் நிலைக்கே வந்தார்கள்.

1971-இல் டிராக்டர் விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது பதிவு செய்து வரிசையில் காத்திருந்துதான் வண்டி வாங்க முடிந்தது. எழுபதுகளின் நடுவில் உள்நாட்டு உற்பத்தி தேவையை எட்டியதும் இறக்குமதி ஏறக்குறைய நின்றது. அதன்பின் இப்பகுதியில் வாடகை வேலை உழவைத் தாண்டி இழுவைக்குப் போனது. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம், பெரியசெவலை கூட்டுறவு ஆலைகளுக்கு டிரெய்லரில் கரும்பு ஏற்றிச் செல்வது பருவ வேலையானது. உழவுக்குச் செய்த வண்டியின் கிளட்சும் பிரேக்கும் இந்தப் பாரத்தில் சீக்கிரம் தேயும். ஆலை வாசலில் நீண்ட வரிசையில் நின்று நின்று நகரும்போது கிளட்ச் பிளேட் கருகும். எனவே அடிக்கடி மாற்ற நேரும் பாகம் பக்கத்துக் கடையிலேயே இருக்கும் வண்டியைத்தான் டிரெய்லர்காரர்கள் எடுத்தார்கள்.

மலிவு இறக்குமதி என்ற பேச்சு இந்த நூற்றாண்டில் பவர் டில்லர் வழியாகத் திரும்பி வந்தது. கல்வராயன் மலைச் சரிவிலும் சிறு பாத்திகளிலும் டிராக்டர் திரும்ப இடமில்லை. இருசக்கர உழவு இயந்திரம் அங்கே பொருந்தும். பெங்களூரில் 1967-இல் மிட்சுபிஷி கூட்டில் விஎஸ்டியும், கேரளத்தில் 1973-இல் குபோட்டா வடிவத்தில் காம்கோவும் இவற்றைச் செய்யத் தொடங்கியிருந்தன. இங்கே 2000-க்குப் பிறகு சீன டில்லர்கள் குறைந்த விலையில் வந்தன. கொண்டுவந்து விற்பவர் ஓரிரு ஆண்டில் வேறு வியாபாரத்துக்கோ வேறு பிராண்டுக்கோ மாறிவிட்டால், வாங்கியவர் சாமானுக்கு யாரிடம் போவது என்ற அறுபதுகளின் கேள்வி மறுபடி எழுந்தது.

2020 ஜூலையில் மத்திய அரசு பவர் டில்லர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. இறக்குமதி செய்பவர் குறைந்தது மூன்று ஆண்டுகளாவது அந்த வியாபாரத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் 100 டில்லராவது விற்றிருக்க வேண்டும். பயிற்சி, விற்பனைக்குப் பிந்தைய சேவை, உதிரி பாகம் ஆகியவற்றுக்கான வசதி தன்னிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். இறக்குமதி செய்யக்கூடிய அளவும் முந்தைய ஆண்டு இறக்குமதி மதிப்பில் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கப்பட்டது. எஞ்சின், கியர்பெட்டி, சேசிஸ், ரொட்டவேட்டர் ஆகிய பாகங்களும் அதே கட்டுப்பாட்டுக்குள் வந்தன. ஏற்கெனவே சீன டில்லர் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர்களும், அறுபதுகளின் ஜீட்டர்காரர்களைப் போல, உள்ளூரில் யார் அந்த அளவுக்குச் சாமான் செய்கிறார்கள் என்று தேட வேண்டியதாயிற்று.