பள்ளியிலிருந்து கோவிலுக்கு: திருவருகைக் காலச் சின்னங்கள் வந்த வழி

டிசம்பரில் ஜெர்மனியின் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் மூன்று பொருள்களைப் பரவலாகக் காணலாம்: நான்கு மெழுகுவத்திகள் நட்ட பசுந்தழை வளையம், கயிற்றில் தொங்கும் எண்ணிட்ட 24 சிறு பைகள், ஜன்னலில் கூர்முனைகள் கொண்ட காகித நட்சத்திரம். இவை தேவாலயத்திலிருந்து பள்ளிக்கு வந்தவை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மூன்றுமே விடுதியிலும் வீட்டிலும் வகுப்பிலும் பிள்ளைகளை முன்னிட்டுப் பிறந்தவை. தழை வளையத்தைப் பொறுத்தவரை, தேவாலயம் அதைப் பின்னால் வாங்கிக்கொண்டது.

திருச்சபையின் பழைய திருவருகைக் காலத்தில் குழந்தைகளுக்கென்று எதுவும் இல்லை. 5ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு விதித்தார். பெரியவர்களின் தவக்காலம் அது. பிற்பாடு மேற்குத் திருச்சபையில் நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது.

திருப்பம் ஹாம்பர்க்கில் நேர்ந்தது. யோஹான் ஹின்ரிக் விஹெர்ன் என்ற இறையியலாளர் 1833இல் நகருக்கு வெளியே, ஹோர்ன் சிற்றூரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 'ராவ்ஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பிள்ளைகள் துளைத்தெடுத்ததால், 1839இல் மரவண்டிச் சக்கரம் ஒன்றில் மெழுகுவத்திகளை நிறுத்தினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை வத்திகள். வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு வத்திகள். நாளுக்கு ஒன்றாக ஏற்றினார்கள்.

சிவப்பு வத்திகள் எத்தனை? 20 என்று பெரும்பாலோர் எழுதுகிறார்கள். 19 என்பாரும் உண்டு. நாட்காட்டியே இதைத் தீர்த்துவைக்கும். 1839இல் டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. அன்று முதல் 24ஆம் தேதி வரை ஞாயிறுகள் 4, வாரநாள்கள் 20. திருவருகையின் முதல் ஞாயிறு நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எதிலும் விழக்கூடும் என்பதால், விஹெர்ன் முறைப்படி வத்திகளின் தொகை ஆண்டுக்காண்டு 22இலிருந்து 28 வரை மாறியாக வேண்டும். கூட்டவும் கழிக்கவும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கருவி கிடைத்திருக்காது.

சக்கரம் வீட்டுக்கு வந்தபோது மேசைக்கு ஏற்பச் சிறுத்தது. வாரநாள் வத்திகள் மறைந்து நான்கே எஞ்சின. சீர்திருத்தத் திருச்சபையினரின் இவ்வழக்கம் 1925இல்தான் கொலோனில் ஒரு கத்தோலிக்கக் கோவிலுக்குள் தொங்கியது.

காகித நட்சத்திரமும் பள்ளிச் சரக்குதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மொராவியச் சபையினரின் நீஸ்கி விடுதிப் பள்ளியில் வடிவியல் கற்பிக்கச் செய்யப்பட்டது அது.

எண்ணிட்ட பைகளுக்கு மூதாதை அச்சு நாட்காட்டி. 1902இல் ஹாம்பர்க் புத்தகக் கடை ஒன்று குழந்தைகளுக்கான கிறிஸ்துமஸ் கடிகாரத்தை வெளியிட்டது. ஆனால் வழக்கத்தைப் பரப்பியவர் மவுல்ப்ரோன் ஊர்ப் போதகரின் மகன் கெர்ஹார்ட் லாங். சிறுவயதில் அவருடைய தாய் அட்டையில் 24 சிறு பிஸ்கட்டுகளைப் பொருத்தி, நாளுக்கு ஒன்றாகத் தின்னக் கொடுத்தார். வளர்ந்த லாங் மியூனிக்கில் அச்சகக் கூட்டாளியாகி, 24 படங்களை வெட்டி ஒட்டும் தாளாக அதை மாற்றினார். சிறு கதவுகள் பிறகு வந்தன. அச்சுக்குப் போனதும் எண்ணிக்கை உறைந்தது. ஆண்டுக்கு ஒரு நீளத்தில் நாட்காட்டி அச்சிட எந்த வியாபாரிக்கும் கட்டுப்படியாகாது. டிசம்பர் 1 முதல் 24 என்பதே நிலைத்தது. எண்ணும் சட்டகம் இவ்வளவு தன்னிறைவு பெற்ற பிறகு உள்ளடக்கத்தை மாற்றுவதும் எளிதாயிற்று: 1940களின் தொடக்கத்தில் நாஜிக் கட்சி வெளியிட்ட குழந்தைகள் நாட்காட்டியில் நாள்கள் இருந்தன, குழந்தை இயேசு இல்லை. போருக்குப்பின் 1946இல் ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் மறுபடி அச்சிட்டபோது கதவுகள் ஒரு சிறு நகரத்தின் மீது திறந்தன.

ஆக, இன்றைய வகுப்பில் இரு கணக்குகள் அருகருகே ஓடுகின்றன, இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஞாயிறன்று பள்ளி கிடையாது, அதனால் வளையத்தின் வத்தி திங்களன்றுதான் எரியும். பைகளில் சனி, ஞாயிறுக்குரியவற்றை ஆசிரியை வெள்ளியன்றோ திங்களன்றோ சேர்த்துத் திறக்கவேண்டும். 2023இல் நான்காம் ஞாயிறு டிசம்பர் 24ஆகவே அமைந்தது. அதற்குள் விடுமுறை விட்டாயிற்று. அந்த ஆண்டு நாள் தவறாமல் ஏற்றிய வகுப்புகளில் நான்காவது வத்திக்கு வேலையே வரவில்லை.