காரில் காட்டுத்தீ சாம்பல் படிந்தால் துடைக்கலாமா? பெயின்ட்டைப் பாதுகாக்கும் வழிமுறைகள்

டேராடூன்: உத்தராகண்டில் ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான நான்கு மாதங்கள் காட்டுத்தீ காலமாகக் கருதப்படுகின்றன. நைனிதால், அல்மோரா, பௌரி போன்ற மலை மாவட்டங்களுக்குக் கோடை விடுமுறையில் காரில் செல்வோர், இக்காலத்தின் பிற்பாதியிலேயே அங்கு சென்று சேர்கின்றனர். தீ தொலைவில் எரிந்தாலும், இரவில் நிறுத்திய காரின் பானெட்டிலும் கூரையிலும் காலையில் சாம்பல் படிந்திருப்பதுண்டு. கையில் கிடைத்த துணியால் அதைத் துடைத்துவிட்டுப் புறப்படுவது பலரின் வழக்கம். பெயின்ட்டுக்கு நேரும் சேதம் பெரும்பாலும் அந்தத் துடைப்பில்தான் தொடங்குகிறது.

சாம்பல் எங்கிருந்து வருகிறது?

இம்மலைச் சரிவுகளில் சிர் பைன் மரங்கள் பரவலாக உள்ளன. கோடையில் அவை உதிர்க்கும் ஊசி இலைகள் உள்ளூரில் ‘பிரூல்’ எனப்படுகின்றன. பிசின் நிறைந்த இந்தச் சருகு எளிதில் தீப்பற்றும். 2024 ஏப்ரல் இறுதியில் நைனிதாலை ஒட்டிய காடுகளில் தீ பரவியபோது, இந்திய விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் நீர் முகந்து தீயணைப்பில் ஈடுபட்டது. வெப்பத்தால் மேலெழும் நுண்ணிய சாம்பல், காற்றின் போக்கில் பல கிலோமீட்டர் பயணித்துப் படியக்கூடியது.

பெயின்ட் ஏன் கெடுகிறது?

தற்காலக் கார்களில் நிறப் பூச்சின் மேல், ‘கிளியர் கோட்’ எனும் நிறமற்ற பாதுகாப்புப் படலம் உள்ளது. இதன் தடிமன் பொதுவாக 50 மைக்ரான் அளவே; அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பைத் தருவதும், வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் இப்படலமே.

சாம்பல் இதனை இருவகையில் தாக்குகிறது. முதலாவது உராய்வு. சாம்பலில் உள்ள மணல் போன்ற நுண்துகள்கள், துணிக்கு அடியில் சிக்கி மெல்லிய கீறல்களை உண்டாக்குகின்றன. இரண்டாவது காரத்தன்மை. மரச் சாம்பலில் கால்சியம், பொட்டாசியம் சேர்மங்கள் மிகுதி. அவை நீரில் கரைந்தால் வலுவான காரக் கரைசலாகின்றன. அடுப்புச் சாம்பலால் பாத்திரம் துலக்கியவர்கள் இவ்விரு குணங்களையும் அறிவர்: அதன் சொரசொரப்பு தேய்க்கிறது, அதன் காரம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கிறது.

உலர்ந்த நிலையில் சாம்பலின் காரத்தன்மை பெரிதும் செயலற்றே இருக்கும். இரவுப் பனியோ சிறு தூறலோ போதும், அது விழித்துக்கொள்ளும். பின்னர் வெயிலில் காயும்போது, வெண்ணிறத் திட்டுகளாகப் பதிந்து கிளியர் கோட்டை அரிக்கத் தொடங்கும்.

செய்யக் கூடாதவை

* உலர்ந்த துணி, தூசி தட்டும் பிரஷ் ஆகியவற்றால் துடைப்பது.
* கண்ணாடி மீது நீர் ஊற்றாமல் வைப்பரை இயக்குவது.
* சாம்பல் படிந்த காரின் மீது உறை போடுவது. காற்றில் அசையும் உறை உப்புத்தாள் போலத் தேய்க்கும்.
* சிறிதளவு நீரைத் தெளித்துவிட்டு அப்படியே காயவிடுவது.
* சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், வினிகர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைப் பயன்படுத்துவது.

கழுவும் முறை

காரை நிழலில் நிறுத்தி, பானெட் குளிர்ந்த பின்னரே கழுவ வேண்டும். முகக்கவசமும் கையுறையும் அணிவது அவசியம். முதலில் கூரையிலிருந்து கீழ்நோக்கி, கை படாமல், மிதமான விசையில் தாராளமாக நீர் பாய்ச்ச வேண்டும். வழிந்தோடும் நீர் தெளிவாகும்வரை இதைத் தொடர வேண்டும்.

அதன்பின், காரமோ அமிலமோ மிகாத நடுநிலை கார் ஷாம்புவை மைக்ரோஃபைபர் துணியில் தோய்த்து, அழுத்தமின்றிக் கழுவலாம். ஷாம்பு நீருக்கு ஒரு வாளியும், துணியை அலச மற்றொரு வாளியும் வைத்துக்கொண்டால், ஒருமுறை எடுத்த துகள் மீண்டும் பெயின்ட்டுக்குத் திரும்பாது. இறுதியாக அலசி, சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். கண்ணாடிக்குக் கீழுள்ள காற்று உள்வாங்கும் பகுதி, கதவு இடுக்குகள், நீர் வடியும் துளைகள் ஆகியவற்றில் தங்கிய சாம்பலையும் அகற்ற வேண்டும்.

தண்ணீர் கிடைக்காவிட்டால்?

கோடையில் மலை ஊர்களில் குடிநீருக்கே தட்டுப்பாடு நிலவுகிறது. அங்கு கார் கழுவ நீர் கேட்பது பொருத்தமாகாது. அத்தகைய சூழலில், சாம்பலைத் தொடாமல் விடுவதே அரைகுறையாகக் கழுவுவதைவிடப் பாதுகாப்பானது. பனி படாதவாறு கூரையின் கீழ் காரை நிறுத்தலாம். இருக்கும் சிறிதளவு நீரைக் கண்ணாடிகளுக்கும் விளக்குகளுக்கும் மட்டும் பயன்படுத்தலாம்.

மலையிறங்கியதும் ஹல்த்வானி, ராம்நகர் போன்ற அடிவார நகரங்களில் முழுமையாகக் கழுவிக்கொள்ளலாம். துணியோ பிரஷோ படுவதற்கு முன் நீரால் நன்கு அலசுமாறு அங்குள்ள பணியாளரிடம் சொல்வது நல்லது.

முன்னெச்சரிக்கை

பயணத்துக்கு முன் மெழுகுப் பூச்சோ செராமிக் கோட்டிங்கோ செய்திருந்தால், சாம்பல் எளிதில் ஒட்டாது. கழுவும்போது விரைவில் அகலும். ஆயினும் இவை கழுவுவதற்கு மாற்றல்ல. புகைசூழ்ந்த சாலையில் ஏசியை உட்காற்றுச் சுழற்சியில் வைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் ஏசி, எஞ்சின் காற்று வடிகட்டிகளைச் சோதிக்க வேண்டும். கழுவிய பின்னும் திட்டுகள் நீடித்தால், வீட்டில் தேய்க்காமல் பெயின்ட் பராமரிப்பு வல்லுநரிடம் காட்டுவது நல்லது. ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டின் ஒரு பகுதியைக் குறைத்துவிடும்.

காப்பீடு கிடைக்குமா?

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர்களுக்கு, சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. விரிவான காப்பீட்டில் தீயால் ஏற்படும் சேதம் அடங்கும். ஆனால் சாம்பல் கறைக்கான கோரிக்கை, பாலிசி விதிமுறைகளையும் மதிப்பீட்டாளரின் ஆய்வையும் பொறுத்தது. எனவே கழுவுவதற்கு முன்பும் பின்பும் தேதியுடன் புகைப்படம் எடுத்து, தாமதமின்றி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

தீ நெருங்குவதாக அதிகாரிகள் எச்சரித்தால், காரைச் சுத்தம் செய்வதில் நேரத்தைச் செலவிடக் கூடாது. முன்கண்ணாடியை நீரூற்றித் தெளிவாக்கிக்கொண்டு உடனே வெளியேற வேண்டும். அவசர உதவிக்கு 112 எண்ணை அழைக்கலாம்.