மனத்தை அளக்கும் பட்டம்

கடலூரின் திருப்பாதிரிப்புலியூருக்குக் கல்வி புதிதல்ல. நாவுக்கரசர் தருமசேனராக இருந்த சமணப் பள்ளி இங்கேதான் இருந்தது என்பது மரபு. தெற்கே, ரயிலில் ஏறினால் சிறிது நேரத்தில் எட்டிவிடும் சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது.

அப்போது இந்தியாவில் உளவியல் இளம் அறிவியல். நெடுங்காலம் அது தத்துவத் துறையின் ஒரு தாளாகவே இருந்தது. 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் அமைத்தார். புலனுணர்வும் எதிர்வினை நேரமும் அங்கே அளக்கப்பட்டன. 1916-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் தனித்துறை தொடங்கி, ஹார்வர்டில் படித்த நரேந்திரநாத் சென்குப்தாவிடம் ஒப்படைத்தது. 1923-இல் இந்திய அறிவியல் மாநாடு உளவியலுக்குத் தனிப்பிரிவு தந்தது. அந்த அங்கீகாரம் பெரிது: இயற்பியல், வேதியியல் அறிஞர்கள் கூடும் அவையில் மனத்துக்கும் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும், 1943-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை பிறந்தது.

1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. பின்னாளில் எம்.எஸ்சி. உளவியலும் அதில் சேர, வேலையை விடாமலே அறிவியல் பட்டம் பெறும் வழி பிறந்தது. கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாதவர்களுக்கு இது உண்மையான கொடையாக இருந்தது.

இந்தப் படிப்பின் தேவை 2004 டிசம்பர் 26-இல் கடலூர்க் கரைக்கே வந்தது. தேவனாம்பட்டினம் உள்ளிட்ட மீனவக் குப்பங்களைச் சுனாமி சூறையாடியது. படகும் வலையும் வீடும் நிவாரணப் பட்டியலில் ஏறின. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு வேறு உதவியும் வேண்டியிருந்தது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கரையோரத்தில் மனநல ஆதரவுப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தது.