பதின்மூன்று நாட்கள்: ஓங்கிய கைகள் தாழ்ந்த வரலாறு

மன்னர்கள் போரிட்ட காலத்தில் ஒரு கோட்டை வீழ்ந்தது. ஓர் அரசு மாறியது. களத்திற்கு அப்பால் உழவர் ஏர் பூட்டினர், வணிகர் வழிநடந்தனர். வென்றவனையும் தோற்றவனையும் ஒருசேர அழிக்கவல்ல கருவி மனிதன் கைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேதான். அக்கருவியின் வாயில்வரை உலகம் சென்று மீண்ட காலம் 1962ஆம் ஆண்டு அக்டோபர் 16 முதல் 28 வரையிலான பதின்மூன்று நாட்கள். கியூப ஏவுகணை நெருக்கடி என்று வரலாறு குறிக்கும் அந்நாட்களில் உலகைக் காத்தது எது என்னும் வினா இன்றும் ஆராயத்தக்கது.

பகை வளர்ந்த வகை

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும், 9ஆம் நாள் நாகசாகியிலும் அமெரிக்கா அணுகுண்டுகளை வீசியது. அவ்வாண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலுமாக ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் மாண்டனர் என்பது மதிப்பீடு. இரண்டாம் உலகப்போரில் தோளோடு தோள் நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் போர் முடிந்ததும் ஒன்றையொன்று ஐயுற்றன. 1949இல் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. 1952இல் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. 1961 அக்டோபர் 30 அன்று, வடதுருவத்தை அடுத்த நோவயா செம்லியாத் தீவில் சோவியத் வெடித்த குண்டு, ஹிரோஷிமாவில் விழுந்ததைக் காட்டிலும் 3,000 மடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் உடையது.

1962இல் அமெரிக்காவிடம் 25,000க்கும் மேற்பட்ட அணுவாயுதங்களும், சோவியத்திடம் 3,000க்கும் மேற்பட்டவையும் இருந்தன. அச்சம் ஆயுதத்தைப் பெருக்கிற்று. பெருகிய ஆயுதம் அச்சத்தை மேலும் வளர்த்தது.

இப்பகையின் நடுவே அகப்பட்டது கியூபா. அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அத்தீவில், 1959இல் பிடல் காஸ்ட்ரோ ஆட்சியைக் கைப்பற்றினார். 1961 ஏப்ரலில், அமெரிக்க உளவுத்துறை பயிற்சியளித்த கியூப அகதிகளின் படை பன்றி விரிகுடாவில் இறங்கிப் படுதோல்வி கண்டது. மீண்டும் ஒரு படையெடுப்பு வரும் என்று காஸ்ட்ரோ அஞ்சினார். அவ்வேளையில் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகள் சோவியத்தின் அண்டை நாடாகிய துருக்கியில் நிறுத்தப்பட்டிருந்தன. தன் வாயிலில் தான் காணும் அச்சத்தை எதிரியும் அவன் வாயிலில் காணட்டும் என்று கருதினார் சோவியத் தலைவர் நிகிதா குருஷேவ். கியூபாவைக் காப்பதும் வலிமையைச் சமன்செய்வதும் ஒருசேர நிறைவேறும் என்று எண்ணி, நடுத்தொலைவு ஏவுகணைகளை இரகசியமாகக் கப்பல்களில் அனுப்பினார். அவற்றுடன் 40,000க்கும் மேற்பட்ட வீரர்களும் சென்றனர்.

தமிழகத்து முதியவரின் தூது

அந்த ஏவுகணைகள் கியூபத் துறைமுகங்களில் இறங்கத் தொடங்கிய அதே செப்டம்பர் மாத இறுதியில், தமிழகத்திலிருந்து ஒரு முதியவர் அமெரிக்கத் தலைநகருக்குச் சென்றிருந்தார். அவர் 83 வயது நிரம்பிய மூதறிஞர் இராஜாஜி. அணுவாயுதச் சோதனைகளுக்கு எதிராக 1950களிலிருந்தே எழுதியும் பேசியும் வந்த அவர், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமையேற்று, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் அதிபர் ஜான் கென்னடியைச் சந்தித்தார். சோதனைகளை நிறுத்த வேண்டும் என்பதே அவர் கொண்டுசென்ற வேண்டுகோள். குறிக்கப்பட்டிருந்த நேரத்தையும் கடந்து அந்த உரையாடல் நீண்டது. கேட்டவருக்கோ சொன்னவருக்கோ கியூபாவில் இறங்கிக்கொண்டிருந்த சுமை என்னவென்று அன்று தெரியாது.

கடலில் ஒரு கோடு

அக்டோபர் 14 அன்று கியூபாவின் மேல் மிக உயரத்தில் பறந்த யூ-2 உளவு விமானம் எடுத்த படங்களில் ஏவுதளங்கள் தெரிந்தன. 16ஆம் நாள் காலையில் கென்னடியிடம் அப்படங்கள் காட்டப்பட்டன. அவர் கூட்டிய ஆலோசனைக் குழுவில் பலர் உடனடி வான்தாக்குதலையே வலியுறுத்தினர். படைத்தலைவர்களோ தாக்குதலோடு நில்லாது படையெடுப்பும் வேண்டும் என்றனர். கென்னடி நாட்களைக் கடத்தினார், வாதங்களைக் கேட்டார், இறுதியில் கடல் முற்றுகையைத் தேர்ந்தார். முற்றுகை என்னும் சொல் போரைக் குறிக்கும் என்பதால் கடற்தடுப்பு என்று அதற்குப் பெயரிட்டு, 22ஆம் நாள் இரவு நாட்டு மக்களுக்கு அறிவித்தார். எதிரி எண்ணிப் பார்ப்பதற்குச் சில நாட்களை அந்த முடிவு ஈந்தது.

24ஆம் நாள் தடுப்பு நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவின் அணுகுண்டு விமானப்படை போருக்கு அடுத்த நிலையான உச்ச ஆயத்தத்திற்கு உயர்த்தப்பட்டது. உலகமே மூச்சடக்கி நின்ற அந்நேரத்தில், ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்புச் செயலர், பர்மிய நாட்டினரான ஊ தாண்ட், இரு தலைவர்களுக்கும் ஒரே நேரத்தில் மடல் எழுதினார்; ஆயுதக் கப்பல்களும் தடுப்பும் சில காலம் நிற்கட்டும், பேச்சு நடக்கட்டும் என்று வேண்டினார். கியூபாவை நோக்கி வந்த சோவியத் ஆயுதக் கப்பல்கள் நடுக்கடலில் நின்றன, சில திரும்பின.

26ஆம் நாள் குருஷேவ் கென்னடிக்கு நீண்டதொரு மடல் விடுத்தார். போர் என்னும் முடிச்சிட்ட கயிற்றை இருவரும் இருபுறமும் இழுத்தால் முடிச்சு இறுகும். பின்னர் அதை அவிழ்க்க எவராலும் இயலாது என்பது அம்மடலின் சாரம். போரில் மகனை இழந்த தந்தை எழுதிய மடல் அது. ஆனால் மாஸ்கோவில் மாலையில் தொடங்கிய அதன் பயணம் வாஷிங்டனில் முழுமையாக முடிய ஏறத்தாழ 12 மணி நேரம் பிடித்தது. வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் டோப்ரினின் தம் அரசுக்கு அனுப்பிய செய்திகளோ, மிதிவண்டியில் வரும் தந்தி அலுவலகப் பையனிடம் ஒப்படைக்கப்பட்டன. நிமிடங்களில் நகரங்களை அழிக்கும் ஏவுகணைகளை அமைத்த வல்லரசுகள், ஒருவரோடொருவர் பேச இத்தகைய வழியையே வைத்திருந்தன.

கறுப்புச் சனிக்கிழமை

மறுநாள், அக்டோபர் 27, சனிக்கிழமை. துருக்கியிலுள்ள ஏவுகணைகளையும் அகற்ற வேண்டும் என்று குருஷேவின் இரண்டாம் மடல் வந்தது. கியூபாவின் மேல் பறந்த யூ-2 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, விமானி ருடால்ப் ஆண்டர்சன் உயிரிழந்தார். சுடுமாறு மாஸ்கோவிலிருந்து ஆணை எதுவும் வரவில்லை. அங்கிருந்த சோவியத் தளபதிகளே முடிவெடுத்தனர். அன்றே மற்றொரு யூ-2 வடதுருவப் பகுதியில் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்தது. அதைத் துரத்தச் சோவியத் விமானங்கள் எழுந்தன. அதைக் காக்க அமெரிக்க விமானங்கள் எழுந்தன. ஆண்டர்சனின் விமானத்துக்குப் பதிலாக ஏவுதளத்தைத் தாக்குவது முன்பே வகுத்த திட்டம். கென்னடி அதனை நிறைவேற்ற இசையவில்லை.

அன்று மாலை அட்லாண்டிக் கடலின் ஆழத்தில் நிகழ்ந்ததை உலகம் நாற்பது ஆண்டுகள் அறியாதிருந்தது. பி-59 என்னும் சோவியத் நீர்மூழ்கிக் கப்பலை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் கண்டுபிடித்துச் சூழ்ந்தன. மேலே வருமாறு அறிவிக்கச் சிறிய வெடிகளை நீரில் எறிந்தன. அவை எச்சரிக்கை வெடிகள் என்பதை அறியும் வழி பி-59க்கு இல்லை. மாஸ்கோவுடன் தொடர்பும் அறுபட்டிருந்தது. உள்ளே வெப்பம் 45 பாகையைக் கடந்தது. நச்சுக்காற்று மிகுந்து மாலுமிகள் மயங்கி விழுந்தனர். அக்கப்பலில் ஹிரோஷிமாக் குண்டோடு ஒப்பிடத்தக்க ஆற்றலுடைய அணு நீர்க்கணை ஒன்று இருந்தது. சூழ்ந்து நின்ற அமெரிக்கர் எவருக்கும் அது தெரியாது.

மேலே போர் தொடங்கிவிட்டதோ என்று ஐயுற்ற கப்பல் தலைவர் சாவிட்ஸ்கி, சினம் மேலிட்டு அணுக்கணையை ஆயத்தப்படுத்தச் சொன்னார் என்று, அக்கப்பலிலிருந்த அதிகாரி ஒருவர் பின்னாளில் கூறினார். அவ்வேளையில் அவரருகே இருந்தவர் வாசிலி அர்கிபோவ். நீர்மூழ்கிப் படைப்பிரிவின் தலைமை அலுவலராக அவர் அக்கப்பலில் பயணம் செய்தார். ஓராண்டுக்கு முன், கே-19 என்னும் அணுசக்தி நீர்மூழ்கியில் உலை பழுதுற்றபோது அவரும் அதில் இருந்தார். பழுதைச் சீர்செய்யச் சென்ற தோழர்கள் கதிர்வீச்சினால் சில நாட்களிலும் வாரங்களிலும் மாண்டதை அறிந்தவர். அணு என்பது அவருக்கு ஏட்டுச் செய்தியன்று. அவர் பேசினார், தலைவரின் சினம் தணிந்தது. கப்பல் நீரின் மேல் எழுந்தது. பின்னர்த் தன் நாடு திரும்பியது. 2002இல் ஹவானாவில் நடந்த மாநாட்டின்போதே இச்செய்தி வெளியுலகில் பரவியது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே, பெரும் புகழ் ஏதுமின்றி அர்கிபோவ் காலமாகிவிட்டார்.

விட்டுக்கொடுத்த இருவர்

அன்றிரவு அதிபரின் தம்பி இராபர்ட் கென்னடி, தூதர் டோப்ரினினைத் தனியே சந்தித்தார். கியூபாவிலுள்ள ஏவுகணைகள் அகற்றப்பட்டால் அமெரிக்கா அத்தீவின்மீது படையெடுக்காது என்பது வெளிப்படையான வாக்குறுதி. துருக்கியிலுள்ள ஏவுகணைகளும் சில மாதங்களில் அகற்றப்படும் என்பது மறைவான வாக்குறுதி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மடல் சென்று சேரும் தாமதத்தையும் பொறாது, ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவை மாஸ்கோ வானொலியிலேயே அறிவிக்கச் செய்தார் குருஷேவ். வெற்றி முழக்கம் எதுவும் எழலாகாது என்று கென்னடி தம்மவர்களுக்குக் கட்டளையிட்டார். பணிந்தவன் என்னும் பழி எதிரியின்மேல் விழுந்தால் அவன் மீண்டும் பணியமாட்டான் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இவ்விருவரையும் குற்றமற்றவர் என்று வரலாறு கூறாது. நெருக்கடியை விளைவித்ததில் இருவருக்கும் பங்குண்டு. அவர்கள் அறியாதிருந்தவையும் பல. கியூபாவில் களப்போருக்கான அணுவாயுதங்களும் இறங்கியிருந்தன என்பதை, அன்றைய அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் இராபர்ட் மக்னமாரா 1992இல் தான் அறிந்து திடுக்கிட்டார். படைத்தலைவர்கள் கேட்டபடி அமெரிக்கப் படை கரையிறங்கியிருந்தால், அது நேரே அணுத்தீக்குள் நடந்திருக்கும். நல்லூழும் உலகைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்நல்லூழ் பலிப்பதற்கு, அடிக்க வலிமை பெற்றிருந்தும் அடியாது நின்ற மனிதர்கள் உச்சியிலும் கடலடியிலும் தேவைப்பட்டனர்.

நெருக்கடிக்குப் பின்

1963 ஜூனில் இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடிச் செய்தித் தொடர்பு அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. ஆகஸ்ட் 5ஆம் நாள் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் ஆகிய மூன்றும் வானிலும் விண்வெளியிலும் நீரடியிலும் அணுச்சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. எனினும் இராஜாஜி முன்வைத்த வேண்டுகோளின் ஒரு பகுதி ஏறத்தாழ ஓராண்டில் உலகச் சட்டமாயிற்று.

கென்னடியும் குருஷேவும் மடல்கள் எழுதிய அந்த அக்டோபரில், இந்திய இளைஞர் இருவர் மேற்கு நோக்கி நடந்துகொண்டிருந்தனர். ஒருவர் கேரளத்தின் ஈ.பி. மேனன். மற்றவர் இராஜஸ்தானத்தின் சதீஷ்குமார்; ஒன்பதாம் வயதில் சுவேதாம்பரத் தேராபந்த் பிரிவில் சமணத் துறவு பூண்டு, பதினெட்டாம் வயதில் அதைத் துறந்து வினோபா பாவேயின் பணியில் இணைந்தவர். அணுவாயுதத்தை எதிர்த்து 89 வயதில் சிறைசென்ற பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் செயல் அவர்களை எழுப்பியது. 1962 ஜூன் 1 அன்று தில்லியில் காந்தியடிகளின் சமாதியிலிருந்து, கையில் பணமின்றிப் புறப்பட்டனர். மாஸ்கோ, பாரிஸ், இலண்டன், வாஷிங்டன் ஆகிய நான்கு தலைநகரங்களுக்கும், கடல்களைக் கப்பலில் கடந்தது தவிர, நடந்தே சென்றனர்.

சோவியத் நாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் வாயிலில் பெண்ணொருத்தி அவர்களிடம் நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தாள். நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒவ்வொன்று. அணுகுண்டின் பொத்தானை அழுத்தத் தோன்றும் நேரத்தில், சற்று நின்று, இத்தேயிலையைக் காய்ச்சி அருந்துங்கள். அதற்குள் எண்ணிப் பாருங்கள் என்று சொல்லுமாறு வேண்டினாள். நடையின் முடிவில் அவ்விளைஞர்கள் வாஷிங்டனை அடைந்தபோது கென்னடி உயிரோடு இல்லை. அவரது கல்லறையிலேயே அவர்களது பயணம் நிறைவுற்றது.

இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணுவாயுதங்கள் உள்ளன. பகைமைகள் மாறியுள்ளன, ஆயுதங்கள் மறையவில்லை. கென்னடி தம் குழுவினரிடம் கேட்டுப்பெற்ற சில நாட்களும், அர்கிபோவ் தம் தலைவரிடம் பெற்ற சில நிமிடங்களும், அத்தேயிலைப் பெண் வேண்டிய ஒரு குவளைப் பொழுதும் ஒன்றே. சினத்திற்கும் செயலுக்கும் நடுவே அந்தச் சிறு பொழுதை வைக்கக் கற்ற மனிதர்களால்தான் 1962 நவம்பர் மாதம் உலகில் வழக்கம்போல் விடிந்தது.