மலை ஏறினால் ஆட்டோமேட்டிக் கார் கியர்பாக்ஸ் சூடாகுதா? தனி 'ஆயில் கூலர்' மாட்டும் முன் இதைப் படிங்க!

சாணார்பட்டி, நத்தம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தால் சிறுமலை. இரண்டு நாள் கிடைத்தால் வத்தலக்குண்டு வழியாக கொடைக்கானல். திண்டுக்கல் வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு மலைப்பாதை புதிதல்ல. ஆட்டோமேட்டிக் கார்தான் பலருக்குப் புதிது.

கிளட்ச் மிதிக்கிற வேலை இல்லை, கால் வலி இல்லை. ஆனால் ஏழு பேரையும் லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சில கார்களில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டதாக எச்சரிக்கை வருகிறது. வண்டி இழுக்க மறுக்கிறது. 'தனியா ஒரு ஆயில் கூலர் வாங்கி மாட்டிட்டா சரியாயிடும்' என்ற யோசனையும் கூடவே வருகிறது.

இது எல்லா காருக்கும் பொருந்துமா? எதை வாங்குவது? மாட்டும்போது எங்கே தப்பு நடக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

கியர்பாக்ஸ் ஏன் சூடாகிறது?

வழக்கமான ஆட்டோமேட்டிக் காரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே 'டார்க் கன்வெர்ட்டர்' இருக்கும். இன்ஜின் சுழலும்போது உள்ளே இருக்கும் ஆயில், எதிரே உள்ள சக்கரத்தைத் தள்ளிச் சுழற்றும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது அந்த வித்தியாசம் முழுக்க ஆயிலில் சூடாக இறங்கும்.

நேர் ரோட்டில் சீராகப் போகும்போது 'லாக்-அப்' கிளட்ச் இரண்டையும் இணைத்துவிடும், சூடு குறையும். மலையில் 15, 20 கி.மீ. வேகத்தில் வளைந்து ஏறும்போது இந்த லாக்-அப் அடிக்கடி விலகிவிடும். காற்றோட்டமும் குறைவு.

ஒரு கணக்கு பாருங்கள். திண்டுக்கல் சமவெளி கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டருக்கும் கீழே. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 2,300 கிலோ எடையுள்ள ஒரு காரை அந்த 1,800 மீட்டர் உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 11 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி வேண்டும். அது முழுக்க கியர்பாக்ஸ் வழியாகத்தான் போகிறது. அதில் ஒரு சிறு பங்கு வீணானாலும் ஆயில் கொதிப்பாகிவிடும்.

கியர்பாக்ஸ் ஆயிலுக்கு 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை வசதியான சூடு. 120 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் ஆயில் வேகமாகக் கெடும். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆயில் கெட்டால் அடுத்து தேய்வது உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள். கியர்பாக்ஸைப் பிரித்து வேலை பார்க்கும் செலவோடு ஒப்பிட்டால் ஆயில் மாற்றும் செலவு ஒன்றுமே இல்லை.

முதல் கேள்வி: உங்க காரில் எந்த கியர்பாக்ஸ்?

'ஆட்டோமேட்டிக்' என்று எழுதியிருக்கும் எல்லா காரும் ஒன்றல்ல. பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

* டார்க் கன்வெர்ட்டர்: இன்னோவா கிரிஸ்டா, ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என், எக்ஸ்யூவி700, புதிய பிரெஸ்ஸா ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் மாடல்கள் இந்த வகை. தனி கூலர் உண்மையிலேயே உதவக்கூடியது இங்கேதான்.

* சிவிடி: ஹோண்டா சிட்டி, அமேஸ் போன்றவை. இதிலும் ஆயில் சூடாகும், கூலரும் உதவும். ஆனால் ஆயில் அழுத்தம், அளவு விஷயத்தில் இது ரொம்ப கறார். அந்த மாடலுக்கென்றே வரும் கிட் இல்லாமல் கை வைக்கக் கூடாது.

* ஏஎம்டி: 2014இல் மாருதி செலிரியோ மூலம் இந்தியாவுக்கு வந்த வகை. இப்போது வேகன்ஆர், ஸ்விஃப்ட், டியாகோ எனப் பல கார்களில் இருக்கிறது. இது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மட்டும் மெஷின் மிதிக்கிறது. மலையில் இதில் சூடாவது ஆயில் அல்ல, கிளட்ச் தட்டு. ஆயில் கூலர் மாட்ட இடமும் இல்லை, பயனும் இல்லை.

* டிசிடி: இதில் இரண்டு ரகம். ஃபோக்ஸ்வேகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியாவின் 7 ஸ்பீடு டிஎஸ்ஜியில் இருப்பது 'டிரை' கிளட்ச். அது ஆயிலில் நனைந்திருக்காது, எனவே கூலரால் அதைக் குளிர்விக்க முடியாது. டாடா அல்ட்ராஸ் டிசிஏவில் இருப்பது ஆயிலில் நனைந்த 'வெட்' கிளட்ச்.

காரோடு வரும் கையேட்டைப் பார்த்தாலோ, சர்வீஸ் சென்டரில் கேட்டாலோ இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கம்பெனியே கூலர் கொடுக்கலையா?

கொடுத்திருக்கிறது. பல கார்களில் ரேடியேட்டரின் உள்ளேயே கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஒரு குழாய் ஓடும். வேறு சில கார்களில் கியர்பாக்ஸ் மேலேயே சின்ன பெட்டி மாதிரி ஒரு கூலர் இருக்கும், அதற்குள் இன்ஜின் கூலன்ட் வந்து போகும்.

இரண்டிலும் ஒரு வரம்பு உண்டு. கூலன்ட்டே 90, 100 டிகிரியில் இருந்தால், ஆயில் அதற்குக் கீழே குளிராது. காற்றில் குளிரும் தனி கூலருக்கு இந்த வரம்பு இல்லை. திண்டுக்கல் வெயில் 40 டிகிரியை நெருங்கினாலும், 110 டிகிரி ஆயிலுக்கு அது குளிர்ந்த காற்றுதான்.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கும் பழக்கம் அதிகம். தனி கூலர் சந்தை வளர்ந்ததும் அங்கேதான். இங்கே டிரெய்லர் இல்லை, அந்த வேலையை மலையும் முழு லோடும் செய்கின்றன.

எந்த கூலர் வாங்கலாம்?

* அமைப்பு: வளைந்த குழாயில் தகடு கோத்தது விலை குறைவு, குளிர்விக்கும் திறனும் குறைவு. தட்டுகளை அடுக்கியது போன்ற 'ஸ்டாக்டு பிளேட்' வகை அதே அளவில் அதிகம் குளிர்விக்கும். ஆயில் ஓட்டத்தையும் அதிகம் தடுக்காது.

* அளவு: எவ்வளவு எடையுள்ள வண்டிக்கு என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். காலி வண்டியின் எடையைப் பார்க்காதீர்கள், ஆட்களும் லக்கேஜும் சேர்ந்த எடையைப் பாருங்கள்.

* தெர்மோஸ்டாட்: ஆயில் ரொம்ப குளிர்ந்தாலும் கெட்டியாகி கியர் மாறுவது மந்தமாகும். சூடான பிறகு மட்டும் ஆயிலைக் கூலருக்கு அனுப்பும் தெர்மோஸ்டாட் இருப்பது நல்லது. கொடைக்கானல் குளிரில் காலையில் வண்டி எடுப்பவர்களுக்கு இது தேவைப்படும்.

* ஹோஸ்: கிட்டோடு வரும், கியர்பாக்ஸ் ஆயிலுக்கென்றே தயாரான ஹோஸ் மட்டும்தான். 'இதுவும் ரப்பர்தானே' என்று கிடைத்த டியூபைப் போட்டால் சூட்டில் இளகி வெடிக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டிய 6 விஷயங்கள்

1. இடம்: முன் கிரில்லுக்குப் பின்னால், ஏசி கண்டென்சருக்கு முன்னால், காற்று நேராகப் படும் இடம். கண்டென்சரில் உரசாமல் சிறிது இடைவெளி வேண்டும்.

2. பிடிமானம்: கண்டென்சர் தகடுகளின் நடுவே பிளாஸ்டிக் டையைக் குத்திக் கட்டுவது சுலபம், ஆனால் ஆபத்து. குலுக்கலில் உரசி உரசி ஏசி கேஸ் லீக் ஆகும். இரும்பு பிராக்கெட் போட்டு பாடியில் போல்ட் செய்யச் சொல்லுங்கள்.

3. எந்த லைன்: கியர்பாக்ஸில் இருந்து கிளம்பும் சூடான ஆயில் முதலில் கம்பெனி கூலருக்குப் போக வேண்டும். அங்கிருந்து தனி கூலர். அதன் பிறகு கியர்பாக்ஸ். அதாவது, திரும்பி வரும் லைனில்தான் தனி கூலரைச் சேர்க்க வேண்டும். எது திரும்பும் லைன் என்பதை சர்வீஸ் மேனுவல் பார்த்து உறுதி செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது. கியர்பாக்ஸ் மேலேயே கூலர் உள்ள கார்களில் வெட்டிச் சேர்க்க ஆயில் லைனே இருக்காது. அதற்குத் தனி அடாப்டர் தேவை. அது கிடைக்காவிட்டால் அந்த யோசனையை விட்டுவிடுவதே நல்லது.

4. திசை: கூலரின் இரண்டு வாய்களும் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி வைத்தால் உள்ளே காற்று தங்கிவிடும்.

5. ஹோஸ் போகும் வழி: சைலன்சர் குழாய், ஃபேன், பெல்ட், சக்கரம் எதையும் தொடக் கூடாது. சூடான எக்ஸாஸ்ட் மேல் இந்த ஆயில் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எனவே கிளாம்ப் விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

6. ஆயில் அளவு: புது கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலைக் குடிக்கும். கையேட்டில் சொன்ன அதே ரக ஆயிலை ஊற்றி, அதில் சொன்ன சூட்டில் அளவு பார்க்க வேண்டும். பல புதிய கார்களில் அளவுக்குச்சி கிடையாது. லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனரில் சூடு பார்த்துத்தான் சரிபார்க்க முடியும். அந்த வசதி இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முதல் 100 கி.மீ. ஓடியதும் லீக் இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

வாரண்டி என்ன ஆகும்?

வாரண்டி உள்ள காரில் ஆயில் லைனை வெட்டினால், பிறகு கியர்பாக்ஸ் பழுதானால் கம்பெனி கை விரிக்கலாம். முன்கூட்டியே டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை தெரிவிப்பது பாதுகாப்பு.

செலவே இல்லாத வழிகள்

கூலருக்குப் பணம் எடுக்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

* ஏற்றத்தில் 'டி'யிலேயே விடாமல் மேனுவல் மோடிலோ 'எல்'லிலோ போட்டு 1, 2ஆம் கியரில் ஏறுங்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே பாடம்தான். இறங்கும்போதும் குறைந்த கியர் போட்டால் பிரேக்குக்கும் ஓய்வு.

* ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள். பிரேக் போட்டு நில்லுங்கள். ஏஎம்டி, டிசிடி கார்களில் கிளட்ச் கருகுவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

* அடிக்கடி மலை ஏறும் கார்களுக்குப் பல கையேடுகளில் 'கடும் பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும். அதன்படி கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுங்கள்.

* கிரில், கண்டென்சர், ரேடியேட்டர் தகடுகளில் தூசியும் பூச்சியும் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

வழியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால்?

வளைவில் நிற்காமல், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டுங்கள். 'பி'யில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுங்கள். டார்க் கன்வெர்ட்டர் கார்களில் பொதுவாக இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் ஓட விட வேண்டும். அப்போதுதான் ஆயில் சுற்றிவந்து குளிரும். உங்கள் காரின் கையேடு வேறு மாதிரி சொன்னால் அதையே பின்பற்றுங்கள். விளக்கு அணைந்த பிறகு கிளம்பலாம். அணையவே இல்லை, ஆயில் கருகிய வாடை வருகிறது, 'டி' போட்டும் வண்டி தாமதமாக நகர்கிறது என்றால் டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் சரி.

ஆக, யாருக்கு இது தேவை?

வருஷத்துக்கு இரண்டு முறை கொடைக்கானல் போகும் குடும்பத்துக்கு சரியான கியரும் நல்ல ஆயிலும் போதும். டார்க் கன்வெர்ட்டர் காரில் முழு லோடோடு வாரா வாரம் மலை ஏறுபவர்கள், டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுபவர்கள், ஏற்கெனவே எச்சரிக்கை விளக்கைப் பார்த்தவர்கள், இவர்களுக்குத்தான் தனி கூலர் போட்ட காசுக்கு வேலை செய்யும். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஏற்கெனவே தேய்ந்துபோன கியர்பாக்ஸை எந்த கூலரும் சரிசெய்யாது.