விடுமுறைப் பயணமும் நாற்பது நாள் காவலும்

2020-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள், சனிக்கிழமை. கோடை விடுமுறையைக் கழிக்க ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைகளுக்குச் சென்றிருந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்கு அன்று மாலை ஒரு செய்தி எட்டியது. நள்ளிரவுக்குப் பின் ஸ்பெயினிலிருந்து நாடு திரும்பும் எவரும் 14 நாட்கள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்பதே அச்செய்தி. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே சில மணி நேரமே இருந்தது. அதற்குள் மூட்டை கட்டி, விமானம் பிடித்து ஊர் போய்ச் சேருவது பெரும்பாலோர்க்கு ஆகாத காரியம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிரிட்டனின் போக்குவரத்து அமைச்சர் கிராண்ட் ஷாப்ஸ் அப்போது தம் குடும்பத்துடன் ஸ்பெயினில்தான் இருந்தார்! அவரும் விடுமுறையைப் பாதியில் விட்டுத் திரும்பி, வீட்டுக்குள் அடைந்து கிடக்க நேர்ந்தது.

அமைச்சருக்குச் சம்பளம் நின்றுவிடாது. கடையில் நின்று விற்பவருக்கும் நாட்கூலி பெறுபவருக்கும் 14 நாட்கள் என்பது அரை மாத வருமானம். கொள்ளைநோய்க் காலத்தில் வெளிநாடு செல்பவர் டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் மட்டும் பணம் கொடுப்பதில்லை. தம் உடலில் நோய் இருக்கிறதா, இல்லையா என்று எவருக்கும் தெரியாத நாட்களுக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். இந்த விலை நம் காலத்தில் தோன்றியதன்று. ஏறத்தாழ 650 ஆண்டுகளாகப் பயணிகள் இதைக் கொடுத்து வருகிறார்கள்.

மூன்று வகைச் சான்றிதழ்

இன்று குரோவேஷியா நாட்டிலுள்ள துப்ரோவ்னிக் நகரம் அந்நாளில் ரகுசா என்று அழைக்கப்பட்டது. கடல் வாணிகத்தால் வாழ்ந்த நகரம் அது. பிளேக் நோய் கண்ட ஊர்களிலிருந்து வருபவர்கள் அருகிலுள்ள ஒரு சிறு தீவிலோ, சாவ்தாத் என்னும் ஊரிலோ 30 நாட்கள் தங்கிய பிறகே நகருக்குள் நுழையலாம் என்று 1377-ஆம் ஆண்டில் அந்நகர ஆட்சியினர் சட்டம் செய்தனர். துறைமுகத்தை மூடிவிட்டால் நகரம் பட்டினி கிடக்கும். திறந்துவிட்டால் நோய் புகும். இரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்ட வழி, காத்திருக்க வைப்பது.

வெனிஸ் நகரம் 1423-இல் ஒரு தீவில் பிளேக் மருத்துவமனை அமைத்தது. 1468-இல் மற்றொரு தீவை, நோய் இருக்கலாம் என ஐயுறப்பட்டவர்களுக்கும் சரக்குகளுக்கும் ஒதுக்கியது. 30 நாட்கள் நாளடைவில் 40 ஆயின. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் ‘குவாரன்டா’ என்ற சொல்லிலிருந்தே ‘குவாரண்டைன்’ பிறந்தது. நாற்பது என்பது அளந்து கண்ட எண் அன்று; சமய நூல்களிலும் பழைய மருத்துவ மரபிலும் புழங்கிய எண். ஆயினும் பிளேக்கைப் பொறுத்தவரை அது தேவைக்கு மேல் போதுமானதாகவே இருந்தது.

கப்பல் புறப்படும் துறைமுகத்தில் ஒரு நலச் சான்றிதழ் தரும் வழக்கமும் பின்னர் வந்தது. அந்த ஊரில் நோய் இல்லையென்றால் ‘தூய’ சான்றிதழ். ஐயம் இருந்தால் ‘ஐயத்துக்குரிய’ சான்றிதழ். நோய் பரவியிருந்தால் ‘கெட்ட’ சான்றிதழ். வந்து சேரும் இடத்தில் எத்தனை நாள் அடைபடுவது என்பதை இந்தத் தாளே தீர்மானித்தது. கவனிக்க வேண்டியது ஒன்று. சான்றிதழ் சொல்வது ஊரின் நிலையை. பயணியின் உடல்நிலையை அன்று. இந்த மூன்று வகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் வேறொரு வேடத்தில் அது மீண்டும் வரும்.

இந்தக் காவலைத் தாமே தேடிச் சென்று அனுபவித்த ஒருவர் உண்டு. சிறைச்சாலைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட ஆங்கிலேயர் ஜான் ஹோவர்ட்தான் அவர். குவாரண்டைன் இல்லங்களின் உண்மை நிலையை அறிய விரும்பிய அவர், இன்று துருக்கியில் இஸ்மிர் எனப்படும் ஸ்மிர்னா துறைமுகத்தில், ‘கெட்ட’ சான்றிதழ் பெற்ற கப்பலாகப் பார்த்து ஏறினார்! வழியில் கடற்கொள்ளையர் தாக்கினர். அதிலிருந்து தப்பி 1786-இல் வெனிஸை அடைந்தவரை அழுக்கும் நாற்றமும் நிறைந்த அறையில் விட்டார்கள். கொதிநீர் ஊற்றிக் கழுவியும் நாற்றம் போகவில்லை. பிறகு சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் செய்தார். அறை தங்கத் தக்கதாயிற்று. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் நமக்கு இதில் வியப்பில்லை. சுமார் ஆறு வாரக் காவலுக்குப் பின் வெளிவந்த அவர், 1789-இல் தம் நூலை வெளியிட்டார். இத்தகைய இல்லங்களில் காவலாளிக்கும் உணவுக்கும் கூலி தந்தவர் அடைபட்ட பயணிதான்.

நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் 1831-இல் உடல்நலம் தேடி மத்தியதரைக் கடல் நாடுகளுக்குச் சென்றார். ஐரோப்பாவில் காலரா பரவிய ஆண்டு அது. அரசு கொடுத்த போர்க்கப்பலில், அத்தனை புகழோடு வந்தவரையும் மால்டா தீவில் காவலில் வைத்த பிறகே ஊருக்குள் விட்டார்கள்.

ஏன் 14 நாட்கள்?

2020-இல் என் மாணவர் ஒருவர் கேட்டார்: “விமான நிலையத்திலேயே சோதித்துவிட்டால் போதாதா, சார்? எதற்கு 14 நாட்கள்?” நியாயமான கேள்வி.

பி.சி.ஆர். சோதனை மிக நுட்பமானது. வைரஸின் மரபுப்பொருளை ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மடங்காக்குவது அதன் அடிப்படை. 30 சுற்றுகளில் ஒரு துணுக்கு நூறு கோடிக்கு மேல் பெருகிவிடும். ஆனால் மூக்கில் எடுத்த பஞ்சில் அந்த ஒரு துணுக்காவது இருக்க வேண்டுமல்லவா? நேற்று மாலை விடுதியில் தொற்றுக்கு ஆளானவர் உடலில் வைரஸ் இன்னும் பெருகியிராது. அவரைச் சோதித்தால் ‘இல்லை’ என்றே வரும். பத்து கிராமுக்குக் கீழ் காட்டாத தராசில் ஒரு கிராமை வைத்துவிட்டு, தட்டில் ஒன்றுமில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

தொற்று ஏறிய நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடையிலுள்ளதே நோயரும்பு காலம். கொரோனாவின் தொடக்க மாதங்களில் கணக்கிட்டபோது, அறிகுறி காணும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு அது சுமார் 5 நாட்களுக்குள் முடிந்தது. நூற்றுக்கு 97 பேருக்கு மேல் பதினொன்றரை நாட்களுக்குள் அறிகுறி தோன்றிவிட்டது. 14 என்ற எண் அங்கிருந்து வந்தது. 2020 டிசம்பரில் பிரிட்டன் அதை 10 ஆகக் குறைத்தது. அதில் மாறியது வைரஸ் அன்று. நாளைக் கூட்டினால் ஆபத்து குறையும், செலவு கூடும். எந்த நாளில் கோடு கிழிப்பது என்பதற்கு இயற்பியலில் சமன்பாடு கிடையாது.

பச்சை, மஞ்சள், சிவப்பு

2021 மே 17-ஆம் நாள் பிரிட்டன் உலக நாடுகளைச் சாலை விளக்குகளைப் போல் மூன்றாகப் பிரித்தது. பச்சை நாட்டிலிருந்து திரும்பினால் சோதனைகள் மட்டும். மஞ்சள் என்றால் வீட்டில் 10 நாட்கள். சிவப்பு என்றால் அரசு காட்டும் ஓட்டலில் 10 நாட்கள், பயணியின் செலவில். வெனிஸ் காலத்துத் தூய, ஐயத்துக்குரிய, கெட்ட சான்றிதழ்கள்தாம் இவை. இப்போதும் வண்ணம் ஊருக்கே அன்றிப் பயணிக்கு அன்று.

பிரிட்டிஷார் விரும்பிச் செல்லும் போர்ச்சுகல் முதலில் பச்சையாக இருந்தது, மக்கள் குவிந்தனர். ஜூன் 3-ஆம் நாள், அது 8-ஆம் நாள் காலை 4 மணி முதல் மஞ்சள் என்று அறிவிப்பு வந்தது. உடனே திரும்பும் விமானங்களின் கட்டணம் ஏறியது. பட்டியலில் சேர்ந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை.

இது அரசின் தடுமாற்றம் மட்டுமன்று. எண்களின் இயல்பும் கூட. குடும்பங்கள் ஜனவரியில் முன்பதிவு செய்து ஆகஸ்டில் பயணம் போகின்றன. தொற்றோ ஒரு வாரத்தில் இரட்டிக்கக் கூடியது. இன்று லட்சத்துக்கு 10 பேர் என்றால் அடுத்த வாரம் 20, மூன்றாம் வார முடிவில் 80. பட்டியலைத் திருத்தியது மூன்று வாரங்களுக்கு ஒரு முறை. சிறு நாடுகளின் நிலை இன்னும் சிக்கல். 5 லட்சம் பேர் வாழும் ஒரு தீவில் ‘லட்சத்துக்கு 20’ என்ற எல்லைக்கோட்டை வைத்தால், வாரத்துக்கு 100 நோயாளிகளே அந்தக் கோடு. நூறை எண்ணும்போது அதன் வர்க்கமூலமான 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே நேரும் என்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் கதிர்வீச்சை எண்ணும் மாணவர்க்குத் தெரியும். நோயாளிகள் கொத்துக் கொத்தாகத் தோன்றுவதால் ஏற்ற இறக்கம் இன்னும் பெரிது. ஒரு திருமண விருந்து போதும், ஒரு தீவின் வண்ணத்தை மாற்ற.

செலவைப் பார்ப்போம். 2021-இன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு வழி வாங்கிய இரண்டு பி.சி.ஆர். சோதனைகளுக்கு ஒருவருக்கு 210 பவுன். சிவப்பு நாட்டு ஓட்டல் கட்டணம், சோதனைகள் உட்பட, முதல் நபருக்கு 1,750 பவுன். உடன் வரும் மற்றொரு பெரியவருக்கு 650. ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிறு குழந்தைக்கு 325. கணவன், மனைவி, ஒரு குழந்தை என்றால் 2,725 பவுன். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய்! ஆகஸ்டில் முதல் நபர் கட்டணம் 2,285 ஆக உயர்ந்தது. இரண்டாவது பெரியவருக்கு 1,430.

காப்பீடு இருக்கிறதே என்று தோன்றலாம். காப்பீடு எதிர்பாராததற்கே தவிர, நாளிதழில் தினமும் வருவதற்கு அன்று. 2020 மார்ச்சில் பல நிறுவனங்கள் பயணக் காப்பீடு விற்பதையே நிறுத்தின. அரசின் எச்சரிக்கையை மீறிச் சென்றவர்களின் காப்பீடு பெரும்பாலும் செல்லாததாயிற்று. ரத்தான தொகுப்புச் சுற்றுலாவின் பணத்தை 14 நாட்களில் திருப்பித் தரச் சட்டம் சொல்லியும், மாதக்கணக்கில் காத்திருந்தவர் பலர்.

இந்தியா சிவப்புப் பட்டியலில் சேரும் என்ற அறிவிப்பு 2021 ஏப்ரல் 19-ஆம் நாள் வந்தது. நடைமுறை 23-ஆம் நாள் காலை 4 மணிக்கு. நம் நாட்டில் இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிச் சென்ற நேரம். பிரிட்டனிலிருந்து வந்திருந்தவர்கள் அனைவரும் உல்லாசப் பயணிகள் அல்லர். நோயுற்ற பெற்றோரைப் பார்க்க வந்தவர்களும், ஈமச் சடங்குக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். கடற்கரைக்குப் போனவருக்கும் தாயின் படுக்கையருகே இருந்துவிட்டு வந்தவருக்கும் கட்டணப் பட்டியல் ஒன்றே. ஆகஸ்ட் 8 வரை இது நீடித்தது.

2021 அக்டோபர் 4-ஆம் நாள் பச்சையும் மஞ்சளும் கைவிடப்பட்டன. சிவப்பு மட்டும் நின்றது. நவம்பர் 1-ஆம் நாள் முதல் சிவப்புப் பட்டியலில் ஒரு நாடும் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்குத் துணிந்து சென்றவர்களை நவம்பர் இறுதியில் ஒமிக்ரான் வகை பிடித்துக்கொண்டது. சில நாட்களுக்குள் 11 ஆப்பிரிக்க நாடுகள் சிவப்பாயின. ஓட்டல் காவல் மீண்டும் வந்தது. ஆனால் ஒமிக்ரான் அதற்குள் பிரிட்டனுக்குள்ளேயே வேகமாகப் பரவிவிட்டிருந்தது. எல்லையில் நிறுத்துவதில் இனிப் பொருளில்லை என்று டிசம்பர் 15-ஆம் நாள் அந்த 11 நாடுகளும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சியிருந்த பயண விதிகள் 2022 மார்ச் 18-ஆம் நாள் காலை 4 மணியோடு முடிந்தன.