தரையில் வைத்து இழுக்கவும்

பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் எதனுடைய கையேட்டைப் புரட்டினாலும் சில கட்டளைகள் தவறாமல் இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றவும். ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது விலகிச் சென்று இயக்கவும். ரம்பத்தைத் தரையில் வைத்து, காலால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்கவும். படிப்பவர் அவசரமாகக் கடந்துபோகும் வாக்கியங்கள் இவை. ஆனால் இவை எழுதப்பட நேர்ந்தது ஏன் என்று பின்னோக்கிச் சென்றால், ஒரு கருவி எடை குறைந்த கதை புலப்படுகிறது. எடை குறையக் குறைய விதிகள் கூடின என்பதே அதன் சாரம்.

இக்கருவியின் மூதாதை காட்டில் பிறந்ததன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் மருத்துவர்கள், சிக்கலான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பை அறுக்கவும் நோயுற்ற எலும்பை அகற்றவும் பற்கள் கொண்ட சிறு சங்கிலியொன்றைப் பயன்படுத்தினர். இருமுனையிலும் கைப்பிடி, கை நின்றால் ரம்பமும் நின்றுவிடும். இயக்கிவிட்டபின் தானே ஓடும் ஒன்றை அடக்கவேண்டிய தேவை அப்போது எழவில்லை.

அத்தேவை எஞ்சினோடு வந்தது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926இல் மின்சார ரம்பத்தை உருவாக்கினார். காட்டுக்குள் மின்சாரம் ஏது? அடுத்த ஆண்டே எமில் லெர்ப், தூரிங்கியாவின் டோல்மார் மலையில் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்துப் பார்த்தார். அதன் எடை 58 கிலோ. 1929இல் வந்த ஷ்டீலின் பெட்ரோல் ரம்பம் 46 கிலோ. ஆளுக்கொரு முனையாக இருவர் தூக்கிச் சுமக்கவேண்டிய இயந்திரங்கள். ‘தரையில் வைத்து இயக்கவும்’ என்று அன்றைய தொழிலாளிக்கு எவரும் எழுதித்தர வேண்டியிருக்கவில்லை. எடையே அதைக் கற்பித்துவிட்டது.

அந்த இயந்திரத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. பழைய கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்தில் மிதவையோடு நிற்கும். சாய்த்தால் எஞ்சின் அணைந்துவிடும். மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வால் இயங்கும் கார்புரேட்டர் 1950களில் பரவலானபின் ரம்பத்தை எந்தக் கோணத்திலும் பிடிக்க முடிந்தது. எடையும் இறங்கியது. 1949இல் அமெரிக்காவின் மெக்கலக் நிறுவனம் சுமார் 11 கிலோவில் ஒருவர் கையாளும் ரம்பத்தைக் கொணர்ந்தது. 1959இல் வந்த ஷ்டீல் நிறுவனத்தின் ‘கான்ட்ரா’ 12 கிலோ. ஒருவர் தோளில் சுமந்து காட்டுக்குள் போகலாம் என்றானது.

இந்த விடுதலையோடுதான் ஆபத்தும் வந்தது. தூக்க முடிந்ததால், ஒரு கையில் ரம்பத்தைக் கீழே தள்ளியபடி மறுகையால் கயிற்றை மேலே இழுத்து இயக்கும் பழக்கம் தோன்றியது. பார்ப்பதற்கு வீரமாகத் தெரியும் இச்செயலில் ஒரு கணக்குப் பிழை உண்டு. குளிர்ந்த எஞ்சினை எழுப்பச் சோக் போடும்போது ஆக்சிலேட்டர் பாதி திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் உயிர்பெற்ற அதே நொடியில் சங்கிலியும் சுழலத் தொடங்கும். அந்நொடியில் ரம்பத்தைப் பிடித்திருப்பது ஒரே ஒரு கை. எதிரே இருப்பது தொடை.

1970களின் தொடக்கத்தில் ஜெர்மானிய, ஸ்வீடிஷ் நிறுவனங்கள் சங்கிலி பிரேக்கைக் கொணர்ந்தன. தகட்டின் நுனி மரத்தில் பட்டு ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்போது சங்கிலியை நிறுத்துவதற்காக வந்த அமைப்பு அது. இன்று தொடங்கும்போதும் அதைப் போட்டுவைப்பதே முறை. இடக்கை நேராக நீண்டு முன்கைப்பிடியைச் சுற்றிப் பற்றவேண்டும். வலக்கால் பின்கைப்பிடிக்குள் ஊன்றவேண்டும். வலக்கை கயிற்றை இழுக்கவேண்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 1994இல் வெளியிட்ட மரவெட்டுத் தொழில் விதிகள், கையில் தொங்கவிட்டு இயக்குவதை நேரடியாகத் தடைசெய்தன. முன்பு எடை சொன்னதைப் பின்னர் சட்டம் சொல்லவேண்டியதாயிற்று.

பெட்ரோல் ஊற்றுவதன் கதையும் இத்தகையதே. தனி எண்ணெய்த் தொட்டி வைத்த எஞ்சினைத் தலைகீழாகச் சாய்க்க இயலாது. எனவே ரம்பத்துக்கு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வாய்த்தது. எண்ணெய் பெட்ரோலிலேயே கலந்து வரும். பழைய ஸ்கூட்டர்களுக்குப் பங்க்கில் ஆயில் கலந்து ஊற்றியதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். இன்று பெரும்பாலும் 5 லிட்டருக்கு 100 மில்லி. கலக்க மறந்தால் எஞ்சின் இறுகிவிடும். நட்டம் அத்தோடு முடியும். ஊற்றும்போது தவறினால் நட்டம் உடலுக்கு. பெட்ரோல் ஆவி உறைகுளிரிலும் தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு படரும். ஓடி நின்ற ரம்பத்தின் சைலன்சரோ கொதித்துக்கொண்டிருக்கும். ஆறும்வரை காத்திருப்பதும், மூடியை மெல்லத் திறப்பதும், மூன்று மீட்டர் விலகுவதும் அந்த ஆவிக்கும் பொறிக்கும் இடையே நாம் வைக்கும் தூரம்.

காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. ஒரு நாளில் பலமுறை தொட்டியை நிரப்பவேண்டிய தொழிலாளிக்கு, வெட்டிய மரத்தின் அளவுக்கே கூலி என்றால், எஞ்சின் ஆறும் ஒவ்வொரு நிமிடமும் கூலியிழப்பு. 1975இல் ஸ்வீடனின் காட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அளவுக்கூலிக்குப் பதிலாக மாதச் சம்பளம் கேட்டனர். அளவுக்கூலி கைவிடப்பட்ட இடங்களில் விபத்துகள் குறைந்தன. ரம்பம் மாறவில்லை, கையேடும் மாறவில்லை. கையேட்டைப் பின்பற்றுவதற்கான அவகாசம் மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது.

அடுத்தமுறை எங்கேனும் ஒருவர் ரம்பத்தைத் தரையில் வைத்து, குனிந்து, காலூன்றிக் கயிற்றை இழுப்பதைக் காண நேர்ந்தால், அது தயக்கமன்று. 58 கிலோ இயந்திரத்தின் முன் குனிந்தவர்களின் பழைய ஒழுங்கு அது.